மயிலாத்தாளின் பின்னால் போன மலை

நரிப்பாறை அணையின் கரையிலிருந்து மயிலாத்தாளின் சமையல் கொட்டகையைப் பிய்த்தெறிந்த அன்று சாயங்காலம், அவள் அடுப்புக்கல் மூன்றையும் சாக்கில் கட்டித் தலையில் ஏற்றி, குழம்புச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கரையிலிருந்து இறங்கி, ஊரைத் தாண்டி, குப்பை கொட்டும் சந்தைமேட்டுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ஆறுச்சாமி பரிசலை முதுகில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆமை மாதிரி நடந்தான். அவனுக்குப் பின்னால் தொட்டில்மலை நடந்தது, மலைக்குப் பின்னால் அணைத் தண்ணீர் நடந்தது, தண்ணீரை விட்டுப் பிரிய மனசில்லாமல் கொக்குகளும் நீர்க்காக்கைகளும் பறப்பதை மறந்து நடந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு பொம்பளையின் பிழைப்பைப் பொக்லைன் வைத்து இடிக்கும்போது வாயைத் திறக்காத ஊர், மலை நடக்கிறது என்றா வாயைத் திறந்துவிடப் போகிறது?

மயிலாத்தாள் ஓட்டல்காரி அல்ல. அவளுக்குப் போர்டு கிடையாது, மேஜை கிடையாது, சாப்பாட்டுக்கு விலைப்பட்டியல் கிடையாது. அணை பார்க்க வருகிறவர்கள் பரிசல்காரர்களிடம் கெண்டையோ கட்லாவோ ஜிலேபி மீனோ வாங்கிக்கொண்டு வந்து அவளிடம் கொடுப்பார்கள். அவள் செதில் உரசிக் கழுவி, அம்மியில் அரைத்த மசாலாவைத் தடவி, வறுத்தோ குழம்பு வைத்தோ கொடுப்பாள். கூலி சமையலுக்கு மட்டும். இதில் ஒரு வழக்கம் உண்டு. யார் கொண்டுவந்த மீனானாலும் தலை மயிலாத்தாளின் பொதுச்சட்டிக்குப் போகும். காரில் வந்தவனின் கட்லாத் தலையும் மொபெட்டில் வந்தவனின் கெண்டைத் தலையும் அந்த ஒரே சட்டியில் கிடந்து கொதிக்கும். மீன் வாங்க வழியில்லாதவன், அவன் லாரி கிளீனராகட்டும், ஆட்டுக்காரனாகட்டும், சம்பளம் வராத வாட்ச்மேனாகட்டும், தூக்குப்போசியில் சோறு மட்டும் கொண்டுவந்து உட்கார்ந்தால் போதும், பொதுச்சட்டியிலிருந்து குழம்பு விழும். அதற்குக் காசு வாங்கினால் மயிலாத்தாளின் கை அழுகிவிடும் என்பது அவளே செய்துகொண்ட சத்தியம்.

எதிரே விரிந்து கிடக்கும் அணைத் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் சேலையில் கட்டிய தொட்டில் போல நடுவில் குழிந்த தொட்டில்மலை, மழைக்காலத்தில் அந்தக் குழியிலிருந்து இறங்கும் வெள்ளை அருவி. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் குழம்புக்கு ருசி கூடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தால்தான் மலைக்கு ருசி கூடுகிறது என்பது எங்கள் ஊரின் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்த ருசியைத்தான் தரணிதரன் விலைபோட்டு விற்க வந்தார். கோயமுத்தூர்க்காரர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன். கரைக்கு மேலே கண்ணாடிச் சுவர் வைத்து ‘தொட்டில் வியூ’ என்று ஒரு ரெஸ்டாரண்ட் கட்டினார். அங்கே அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வாயில் நுழையாத பேர் வைத்து, அகலத் தட்டின் நடுவில் ஒரு கரண்டி வைத்தார்கள். கம்மங்கூழை இருமல் மருந்து அளவுக்குக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினார்கள். ‘கிராமத்து டேம் மீன்’ என்று சொல்லி, எங்கள் தண்ணீரை ஒரு நாளும் பார்த்திராத மீனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்தார்கள். பில்லின் அடியில் ‘காட்சிக் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி போட்டார்கள். மலையைப் பார்த்ததற்குக் காசு! மலையை இவர் பெற்றாரா, வளர்த்தாரா, ஒரு வாய் சோறு ஊட்டினாரா? கேட்க ஆளில்லை. கட்டணம் கட்டியவர்களும் கேட்கவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் போட்டோக்களில்தான் வினை வந்தது. எல்லாவற்றிலும் மலை இருந்தது, தண்ணீர் இருந்தது, நடுவில் மயிலாத்தாளின் தார்ப்பாய்க் கூரையும் அதன் மேல் புகையும் இருந்தன. புகை வியூவைக் கெடுக்கிறது என்று தரணிதரன் அணை அலுவலகத்தில் சொன்னார், பிறகு ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்துவிடம் சொன்னார். இந்த நாச்சிமுத்து யாரென்றால், தலைவராவதற்கு முன்னால் டெம்போ ஓட்டிக்கொண்டு, தினமும் மத்தியானம் தூக்குப்போசியோடு வந்து உட்கார்ந்து, பொதுச்சட்டிக் குழம்பிலேயே உடம்பை வளர்த்தவர். கொட்டகையை எடுக்கச் சொல்லி முதல் கையெழுத்துப் போட்டது அவர்தான். நாக்கில் அவள் போட்ட உப்பு இருக்க, கையில் அந்தப் பேனா எப்படி நின்றதோ!

“ஊரு அழகா இருக்கோணுமில்லைங்களாக்கா,” என்றார் நாச்சிமுத்து, இடிக்க வந்த அன்று.

“அப்ப நான் அசிங்கமுங்களா தலைவரே?” என்று மயிலாத்தாள் கேட்டாள். நாச்சிமுத்து பொக்லைன் ஓட்டுகிறவனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மறுநாள் விடிந்தபோது, சந்தைமேட்டில் சிமெண்ட் குடோனின் பின்சுவர் இருந்த இடத்தில் அணைத் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது, அதற்கு அப்பால் தொட்டில்மலை எப்போதும் போல மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மயிலாத்தாள் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி இங்கயே வந்துருச்சாட்ட இருக்குது புள்ள,” என்றான் ஆறுச்சாமி.

“வந்துருச்சுன்னா போயி வலையப் போடுங்க. கரையில நின்னு கேள்வி கேட்டா மீனா வந்து ஏறும்?”

அவன் பரிசலைத் தண்ணீரில் தள்ளினான். அதே நேரத்தில் ‘தொட்டில் வியூ’வின் கண்ணாடிச் சுவருக்கு எதிரே, தோசைக்குக் காத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், நேற்றுவரை தண்ணீர் இருந்த இடத்தில் குப்பைமேட்டையும், மேட்டைக் கிளறும் பன்றிகளையும், ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிய குடோன் சுவரையும், அந்த எழுத்துக்கு நேராக நின்று அதையே செய்துகொண்டிருந்த ஒருவரையும் பார்த்தது.

ஊர் இதைச் செரித்துக்கொண்ட வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். குடோன் வாட்ச்மேன் சென்னியப்பன், குடோன் போன இடத்துக்கு டவுன் பஸ் ஏறிப் போய் வேலை பார்த்தார். குப்பை வண்டிக்காரர்கள் குப்பை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கொட்ட வேண்டும் என்று தினமும் கரையேறிக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கொட்டிவிட்டு வந்தார்கள். மலையடிவாரத்துக் கருப்பராயனுக்குக் கெடா நேர்ந்திருந்தவர்கள் பஸ் மாறும் செலவு மிச்சமென்று சந்தோஷப்பட்டார்கள். சந்தைக்கு வந்த ஆடுகள் கரையில் தண்ணீர் குடித்துக் கூடுதல் எடை காட்டின. அணை என்பது சுவர் இருக்கிற இடமா தண்ணீர் இருக்கிற இடமா என்று அணை அலுவலகத்தில் ஒரு வாரம் விவாதம் நடந்து, கடைசியில் பாதிப் பேர் சுவரைப் பார்த்துக்கொள்வது, பாதிப் பேர் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாகி, தண்ணீர்க்காரர்கள் சந்தைமேட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தூங்கினார்கள். பஸ் கண்டக்டர், “மலையெல்லாம் எறங்கு, மலையெல்லாம் எறங்கு” என்று சந்தைமேட்டில் கத்தப் பழகினார். மலை ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சந்தைமேட்டில் சென்ட் என்ன விலை என்று எல்லோரும் கேட்டார்கள்.

தரணிதரன் லேசுப்பட்டவர் இல்லை. பழைய போட்டோ ஒன்றைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்துக் கண்ணாடிக்கு வெளியே கட்டி, புகையை அதிலிருந்து அழித்து, காட்சிக் கட்டணத்தைத் தொடர்ந்து வாங்கினார். கொக்கு அசையாமல் நிற்பதால் போட்டோவுக்கு இதுதான் வசதி என்று அதையும் மெச்சிச் சாப்பிட்ட மகராசன்கள் இருந்தார்கள். ஆனால் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் இருந்தது நாறியது. ஐஸ் பெட்டி மீனும் சேர்ந்து நாறியது. அடுப்புக்கல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டப்பகலில் ஆள் விட்டு மயிலாத்தாளின் மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் சமையற்கட்டில் வைத்துச் சந்தனம் தடவினார். அவள் வேலியோரம் கிடந்த வேறு மூன்று கல்லைப் புரட்டிப் போட்டு உலை வைத்தாள். மலை இம்மியும் அசையவில்லை. மசாலாவைத் திருடிப் பார்த்தார், அம்மியைக் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்காமல் ஒரு நாள் காரிலேயே வந்து இறங்கி, அவள் மீன் உரசுகிற இடத்தில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க எங்ககிட்டயே வந்துருங்க. கெஸ்ட் முன்னாடியே நின்னு சமைக்கிற மாதிரி கவுன்ட்டர் போட்டுத் தர்றேன். யூனிஃபார்ம், மாசச் சம்பளம், லீவு, எல்லாம் உண்டு.”

“பொதுச்சட்டி வெக்க உடுவீங்களா?”

“அதெல்லாம் அங்க முடியாதுங்கம்மா. வெளியாளுங்க உள்ள வரக்கூடாது. தலையெல்லாம் வேஸ்ட்ல போட்டுருவோம்.”

மயிலாத்தாள் உரசுவதை நிறுத்தினாள். “அஞ்சாறு பேரு பசியாத்தற தலைய வேஸ்ட்டுங்கறீங்க. எந்திரிங்க சாமி. நான் மீன் கழுவற எடம் இது.”

தரணிதரன் எழுந்து போனார். போனவர் சும்மா போகவில்லை. வியூ ரெஸ்டாரண்டுக்கு வராவிட்டால் ரெஸ்டாரண்ட் வியூவுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, நாச்சிமுத்து வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் சேர்ந்த பிறகு சந்தைமேட்டில் தார்ரோடு வந்தது, கலர் லைட் வந்தது, இரும்பு கேட் வந்தது, கேட்டில் டிக்கெட் வந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு டீக்கடையும் தொப்பிக்கடையும் போட்டார்கள். மலை மறுபடியும் யார் பின்னாலாவது போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், கல்லுக்கால் நட்டு, மலையைச் சுற்றிக் கம்பிவேலி இழுத்து, ‘இந்த மலை ஊராட்சிக்குச் சொந்தமானது, அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று போர்டும் மாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வேலி போட்டால் எதுவும் சொந்தம்தான். பொறம்போக்கும் சொந்தம், ஓடையும் சொந்தம், பக்கத்துத் தோட்டத்து வரப்பும் சொந்தம். மலைக்கு மட்டும் வேறு சட்டமா என்று நினைத்துவிட்டார்கள். வேலி முடிந்த கையோடு தரணிதரனின் புதுக் கண்ணாடிச் சுவர் எழுந்தது. கண்ணாடிக்குள் உட்கார்ந்து எடுத்த முதல் போட்டோவில் மலை இருந்தது, தண்ணீர் இருந்தது, நடுவில் ஒரு தார்ப்பாய்க் கூரையும் புகையும் இருந்தன.

சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மயிலாத்தாளையும் ஆறுச்சாமியையும் முன்வரிசையில் உட்கார வைத்து, சோடா கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகக் கழுத்தை அறுப்பதில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்கள் எதுவும் கிட்டே வர முடியாது.

“அக்காளால ஊருக்கு வந்த நல்லது கொஞ்சநஞ்சமில்லைங்க,” என்று நாச்சிமுத்து மைக்கில் சொன்னார். “அத யாரும் மறக்கல. இப்ப அக்கா சித்த தள்ளி, அந்தக் கசாப்புக்கடைச் சந்துக்குள்ள போயிட்டாங்கன்னா, புகை இங்க வராது. மலையத்தான் வேலி போட்டு நிறுத்தியாச்சு, இனி அது எங்கயும் போகாது.”

“எத்தன தடவைங்க எந்திரிக்கறது?” என்று ஆறுச்சாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான். “அந்தச் சந்துல பரிசல எங்கீங்க போடறது? சாக்கடையிலயா?”

“அவிய போற எடமெல்லாம் சொர்க்கமாயிருது, அவியளுக்கு என்னுங்க கொறை?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

சிரித்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? வெளியூர்க்காரர்கள் இல்லை. மனைவி பிரசவத்துக்குப் போன மாதம் பூராவும் பொதுச்சட்டியில் நனைத்துத் தின்றவன் சிரித்தான். கொரோனாவில் வேலை போய் வந்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துக் குழம்பு வாங்கியவன் சிரித்தான். அணை அலுவலகத்து பியூன் சிரித்தான், அவன் தின்ற தலைகளைக் கொட்டினால் தனியாக ஒரு குளமே நிரம்பிவிடும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், எழுந்து நின்று ‘இது அடுக்காது’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். சோடா பாட்டில்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மயிலாத்தாள் அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். பொதுச்சட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரர் ஒருவரும் லாரி கிளீனர் இரண்டு பேரும் தூக்குப்போசியோடு காத்திருந்தார்கள், அவர்களுக்கு ஊற்றினாள். பிறகு, அடுப்பைப் பார்த்தே காலமெல்லாம் உட்கார்ந்து, முதுகைக் காட்டியே பழகியவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி, தண்ணீரின் ஓரத்துக்குப் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தொட்டில்மலையை நேருக்கு நேராகப் பார்த்தாள். இத்தனை பேர் காசு கொடுத்துப் பார்க்கிற மலையை அவள் அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்தது ஆத்திரம்தான்.

“ஏ மலை! என்ற பின்னாலயே வர்றியே, ஒரு நாளாச்சும் என்ன ஏதுன்னு கேட்டியா? என்னைய எதுக்கு எழுப்பியுடறாங்க தெரியுமா? உன்னையப் பாக்கறதுக்கு. நீ அழகா இருக்கறே, நான் எடஞ்சலா இருக்கறேன். நான் ஆக்கிப் போட்டதத் தின்னவனெல்லாம் உன்னையப் பாத்துட்டு என்னைய அசிங்கங்கறான். நீ கல்லாட்ட நிக்கறே.”

“மலைகிட்ட என்ன புள்ள பேச்சு, வா,” என்றான் ஆறுச்சாமி.

“நீங்க சும்மா இருங்க. இதுக்குத்தான் கேக்கோணும், வேற யாரு கேக்கறா?” அவளுக்கு அழுகை வந்தது, அழுகையை விட வேகமாகப் பேச்சு வந்தது. “நாளைக்கு விடிஞ்சா மறுக்கா பொக்லைன் வருது. நான் போக மாட்டேன். என்ற சட்டிய எடுத்து இடுப்புல வெக்க மாட்டேன். உனக்கு என்ற மேல பாசமிருக்குதுன்னா பூனைக்குட்டியாட்டப் பின்னால வந்து நிக்காத. தெம்பிருந்தா முன்னால வந்து நில்லு.”

அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, குழம்பு அடிப்பிடிக்குமே என்று ஓடினாள்.

விடிந்ததும் பொக்லைன் வந்தது. பின்னால் ஜீப்பில் அணை அலுவலகத்துக்காரர்கள் வந்தார்கள், காரில் தரணிதரன் வந்தார், மோட்டார் சைக்கிளில் நாச்சிமுத்து வந்தார், இவர்களுக்குப் பின்னால், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதால், டிக்கெட் வாங்கிய கூட்டம் வந்தது. கேட்டைத் தாண்டி எல்லோரும் நின்றார்கள். அதற்கு மேல் வழி இல்லை. தார்ரோடு முடிகிற இடத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டி உரசிக்கொண்டு, தொட்டில்மலை நின்றது, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அறுந்த கம்பிவேலியும் பிடுங்கிய கல்லுக்கால்களும் ஊராட்சிப் போர்டும் அதன் மேல் இங்கும் அங்குமாகத் தொங்கின. மலையின் முதுகை எங்கள் ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. அருவி இல்லை, மேகம் இல்லை, பச்சை இல்லை. வெந்த கரும்பாறையும் சீமைக்கருவேல முள்ளும்தான். புது ரெஸ்டாரண்டின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்த சர்வருக்கு, ஒரு சாண் தூரத்தில் பாறை தெரிந்தது.

தரணிதரன் பொக்லைன் ஓட்டுகிறவனைப் பார்த்து, “இடி,” என்றார். அவன் இரும்புக் கையை ஒரு தரம் தூக்கி, மலை உச்சியை அண்ணாந்து பார்த்து, அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான். சாவியைத் தரணிதரன் கையில் கொடுத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து தன் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், மலையின் ஓரமாக முள்ளை விலக்கி நடக்க ஆரம்பித்தான்.

டிக்கெட் வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். நாச்சிமுத்து கையமர்த்தினார். கூச்சல் அடங்கியபோதுதான் அந்தப் பக்கத்துச் சத்தங்கள் கேட்டன: அருவி விழுகிற சத்தம், கொக்குகள் கத்துகிற சத்தம், எண்ணெயில் மீன் விழுந்து சீறுகிற சத்தம், ஆட்டுக்காரர் எதற்கோ சிரிக்கிற சத்தம். சத்தங்களுக்குப் பின்னால் மலையைத் தாண்டிக் குழம்பு வாசம் வந்தது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் வாயில் எச்சில் ஊறியது. பியூன் வெட்கமில்லாமல் மூக்கை உறிஞ்சினான்.

நாச்சிமுத்து பாறையில் கையை ஊன்றிக்கொண்டு, “அக்கா!” என்று கத்தினார். “அக்கா, நாங்க எப்படீங்கக்கா அங்க வர்றது?”

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

“சுத்தி நடந்து வாங்க தலைவரே,” என்றாள் மயிலாத்தாள். “நான் நடக்கலையா?”